பட்டி அண்ணனின் இடது கன்னம்

பட்டி அண்ணன் சோதனைக்கூடத்து ஜன்னல் சட்டத்தை நடுவிரல் மூட்டால் இரண்டு தட்டு தட்டுகிறார். தலையைச் சாய்த்துக் கேட்கிறார். ஒரு சாண் தள்ளி மறுபடியும் இரண்டு தட்டு. "தங்கச்சி, இந்த எடத்துல மரம் கெடையாது. உளுத்துப் போயி, பட்டி வெச்சு மூடியிருக்கான். நல்ல வேலைக்காரன்" என்று முன்பின் தெரியாத ஒருவரைப் பாராட்டுகிறார். அந்த ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கும் எனக்கு அது மரம் என்றுதான் தெரியும். அதற்குப் பிறகுதான் வந்த காரியத்துக்கு வருவார். கண்ணாடிக்குக் கீழே காகிதம் வாங்குவதற்கென்று விட்டிருக்கும் திறப்பில் மூக்கை நுழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "என்ன தங்கச்சி, நம்ம ஆளு மாட்டுனானா?"

நம்ம ஆள் என்பது ஒரு கிருமி. அவருடைய இடது கன்னத்தில் குடியிருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிற காசநோய்க் கிருமி. ஆஸ்பத்திரி சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து அதைத் தேடிப் பிடிப்பது என் வேலை. இன்னும் பிடிபடவில்லை என்று சொன்னால் மனுஷனுக்கு நிம்மதி வரவேண்டும் இல்லையா? வராது. "ஒன்னுகூடவா?" என்பார், நான் ஒழுங்காகத் தேடவில்லை என்கிற தோரணையில்.

பட்டி அண்ணனுக்கு டிங்கரிங் தொழில். ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் தகரக் கூரை போட்ட பட்டறை. இடிபட்டு, நசுங்கி, சொட்டை விழுந்து வருகிற கார்களைத் தட்டி நிமிர்த்துவார். தட்டியும் சரியாகாத பள்ளத்தில் பட்டி என்கிற பசையை நிரப்பிப் பூசுவார். உப்புத்தாளால் தேய்ப்பார், கழுவுவார், மறுபடி தேய்ப்பார். கலர் கலந்து அடித்து, பளபளவென்று வெளியே தள்ளுவார். காரின் சொந்தக்காரருக்கே எந்தக் கதவு இடிபட்டது என்று மறந்துபோகும். "செஞ்ச எடம் தெரிஞ்சா அது வேலையே இல்ல" என்பது அவருடைய சித்தாந்தம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது என் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே பின்னால் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பார்.

ஐம்பது தாண்டியவர். ஒல்லி. கண் இமைகளில் எப்போதும் சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். அதனால் தூங்கி எழுந்த ஆந்தைக் களை. சட்டைப் பையில் துணியில் சுற்றிய காந்தம் ஒன்று வைத்திருப்பார். இரும்பென்றால் கவ்வும், உள்ளே பட்டி என்றால் வழுக்கும். நின்றுகொண்டிருக்கிற எந்தக் காரையும் சும்மா தாண்டிப் போகமாட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்துக்கு எதிராகக் குனிந்து, அதன் பக்கவாட்டில் கோணல் பார்ப்பார். பழக்கதோஷத்தில் மனிதர்களையும் அப்படியே பார்ப்பதுதான் வினை. ஒருநாள் என்னை அப்படிக் குனிந்து பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கு வலது பக்கம் லேசா அமுங்கியிருக்கு. வெளிய தெரியாது, கவலப்படாதீங்க" என்றார். அன்றிலிருந்து நான் கண்ணாடியில் வலது பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

அவருடைய கன்னத்துக்கு வருவோம். ஏழு வருடத்துக்கு முன்னால் மிளகு அளவில் ஒரு சிவப்புப் புள்ளி. கொசு கடித்தது என்று விட்டுவிட்டார். கொசு கடித்தது ஒரு வருடமா இருக்கும்? இருந்தது. காசு அளவு ஆனது, பிஸ்கட் அளவு ஆனது. நடுவில் தழும்பு மாதிரி வெளுத்து, ஓரத்தில் மட்டும் செம்பழுப்பாகத் தடித்து, மெதுவாகக் காதை நோக்கி நகர்ந்தது. வலி கிடையாது. அரிப்பு கிடையாது. "வலிச்சிருந்தா அப்பவே மரியாதையா கவனிச்சிருப்பேன். சத்தமே போடல தங்கச்சி, நான் என்ன பண்றது?" என்று கன்னத்தின் மேல் பழி போடுவார்.

ஏழு வருடமும் கவனிக்காமல் விட்டார் என்றும் சொல்ல முடியாது. ஊர் முழுக்கக் கவனித்தது. படை என்று ஒருவர் சொன்னார். கரப்பான் என்று இன்னொருவர். பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்துப் பட்டறை வெல்டர் தீர்ப்பு சொன்னார். மருந்துக் கடைக்காரர் மட்டும் நோயின் பெயரே சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று மருந்து கலந்த ஒரு ட்யூபைக் கொடுத்தார். தடவினால் இரண்டே நாளில் சிவப்பு அடங்கும். விட்டால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். பட்டி அண்ணனுக்கு அந்த ட்யூபை ரொம்பப் பிடித்துப்போனது. அவர் தொழிலும் அதுதானே! உள்ளே என்னவோ ஆகட்டும், மேலே சமமாகிவிட்டது.

காது மடலின் ஓரம் மெலிந்து, எலி கொறித்த மாதிரி ஆன பிறகுதான் அவருடைய வீட்டம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் தோல் டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமைசாலி. நோயாளி சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகுதான் பேனாவை எடுப்பார். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை எடுத்து அண்ணனின் கன்னத்தில் அழுத்திப் பார்த்தார். அப்படி அழுத்தினால் ரத்தம் விலகி, சாதாரணச் சிவப்பு மறைந்துபோகும். தோலில் காசநோய் இருந்தால் மறையாமல் மஞ்சளும் பழுப்புமாக ஒரு நிறம் உள்ளே தேங்கி நிற்கும். டாக்டரம்மா அழுத்தினார், உற்றுப் பார்த்தார், கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்தது பவுடர்.

"இது என்னங்க?"

"டச்சப்பு" என்றார் பட்டி அண்ணன். வீட்டம்மாவின் முகப் பவுடரில் காவிப் பொடி ஒரு சிட்டிகை கலந்து, தன் கன்னத்துக்கு அச்சு அசலாக நிறம் சேர்த்திருக்கிறார். மூன்று தடவை கலந்து பார்த்து, நான்காவது தடவை சரியாக வந்ததாம். "டாக்டர் பாக்குற எடமாச்சே. கண்றாவியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இந்த மனுஷன் இப்படித்தாங்க. அழுக்குத் துணிய வீட்டுல துவைச்சு, காய வெச்சு, இஸ்திரி போட்டுட்டு அப்புறம் லாண்டிரிக்கு எடுத்துட்டுப் போவாரு."

"எனக்கு அந்த அழுக்குதான் வேணும்ணா. அதப் பாக்கத்தான் படிச்சேன்" என்றார் டாக்டரம்மா. முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். கழுவினார். ஆனால் இத்தனை வருட ட்யூபைக் கழுவ முடியுமா? தடிப்பு பாதி அடங்கிக் கிடந்தது. கண்ணாடிக்கு அடியில் பழுப்பு தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. தோல் காசநோயாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, சோதனை செய்து பார்க்கலாம் என்றார்.

"டி.பி.யா? எனக்கா? டாக்டரம்மா, நான் இருமியே எத்தன வருசம் ஆச்சு!"

தோலில் வந்தால் இருமல் வரவேண்டிய அவசியமில்லை என்று டாக்டரம்மா கால் மணி நேரம் விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த தடவை வரும்போது வாசலிலேயே நின்று இரண்டு இருமல் இருமிக் காட்டினார். ஒத்துழைப்பாம். மார்பு எக்ஸ்ரே துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதில் மட்டும் அவருடைய கைவரிசை எதுவும் இல்லை.

முதலில் முன்கையில் ஊசி. தோலுக்கடியில் ஒரு சொட்டு மருந்தை ஏற்றி, சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு அனுப்புவோம். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் தடிக்கும். எவ்வளவு தடித்திருக்கிறது என்று நான் அளவுகோல் வைத்து அளப்பேன். மூன்றாம் நாள் பட்டி அண்ணன் வந்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். தடிப்பையும் காணோம், வட்டத்தையும் காணோம்.

"முந்தாநேத்து நல்லா மேடு கட்டுச்சு தங்கச்சி. நான் விடுவேனா? ஐஸ் வெச்சு அழுத்தி, நம்ம ட்யூபப் போட்டு, அடக்கிட்டேன். இப்ப தடவிப் பாருங்க, மேடே தெரியாது."

"வட்டம் எங்கண்ணா?"

"பேனாக் கோடு அசிங்கமா இருந்துச்சு. தின்னர் போட்டுத் துடைச்சுட்டேன்."

அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன அளப்பது? மேடு என்று ஒன்று இருந்தால் அதை அடக்குவது அவருக்குப் பிறவிக் கடமை. அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் சொன்னதில்லை. இத்தனைக்கும் அந்தத் தடிப்பு முழுசாக இருந்திருந்தாலும் முடிவாக எதையும் சொல்லியிருக்காது. என்றைக்கோ அந்தக் கிருமியோடு பழகி மறந்துபோன நிறையப் பேருக்குக் கை தடிக்கத்தான் செய்யும். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தில் பதிவேட்டில், "தடிப்பு நோயாளியால் சமன் செய்யப்பட்டது" என்று எழுதினேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டது தனிக்கதை.

பிறகு கன்னத்திலிருந்து ஒரு துணுக்குத் தோல் எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ட்யூபைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சத்தியம் வாங்கியிருந்தார். பதின்மூன்று நாள் தொடவில்லை. பதினான்காம் நாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று கை தானாகப் போய்விட்டது. எடுத்த துணுக்கின் ஒரு பாதி திசு பார்க்கிற டாக்டருக்குப் போனது. இன்னொரு பாதி எனக்கு வந்தது.

திசு டாக்டர் எழுதி அனுப்பிய அறிக்கையை நான் மூன்று தடவை படித்தேன். செல்கள் கூட்டமாகக் கூடி உட்கார்ந்திருக்கின்றனவாம், காசநோயாக இருக்கலாமாம், வேறு சில நோய்களிலும் இதே மாதிரிதான் கூடுமாம், ஏற்கெனவே களிம்பு தடவியிருப்பதால் கூட்டம் பாதி கலைந்திருக்கிறதாம், ஆளைப் பார்க்கிற டாக்டரே முடிவு செய்துகொள்ள வேண்டுமாம். பட்டி அண்ணன் ஜன்னலில் அதைக் கேட்டுவிட்டு, "இத எழுதவா அவரு இத்தன நாள் எடுத்துக்கிட்டாரு? எங்க வீட்டம்மா அன்னைக்கே சொல்லிட்டா, டி.பி.யா இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இருக்காதுன்னு" என்றார்.

என் பங்குக்கு நானும் ஒன்றும் கிழிக்கவில்லை. சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி ஒன்று தெரிய வேண்டும். நெஞ்சுச் சளியில் என்றால் பல சமயம் சந்தைக் கூட்டமாகவே கிடக்கும். தோலில் அப்படி இல்லை. உடம்பு அடித்து விரட்டியது போக, ஒன்றோ இரண்டோ எங்காவது மூலையில் பதுங்கியிருக்கும். எடுத்த துணுக்கில் அந்த மூலை இல்லையென்றால் போச்சு. முதல் நாள் மூன்று மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கிருமியின் மரபணு துளி இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் என்று சொல்லி வாங்கிவைத்திருக்கும் பெரிய மிஷினும் உதட்டைப் பிதுக்கிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. கிருமியை வளர்த்துப் பார்ப்பது. பச்சை நிறத்தில் களி மாதிரி ஒரு தீனியைக் கண்ணாடிக் குழாயில் சாய்வாக உறையவைத்து, அதன் மேல் துணுக்கை அரைத்து ஊற்றி, இளஞ்சூடான பெட்டிக்குள் எட்டு வாரம் வைத்திருப்போம். உயிரோடு ஒன்றிரண்டு இருந்தால் ஆற அமரப் பெருகி, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளரும். உலகத்திலேயே சோம்பேறிக் கிருமி அது.

எட்டு வாரமும் வாரம் தவறாமல் பட்டி அண்ணன் குழாயைப் பார்க்க வந்தார். உள்ளே யாரையும் விடமாட்டோம். இறுக்கி மூடிய குழாயை ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பிடிக்க, அந்தப் பக்கம் அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து கோணல் பார்ப்பார். ஹாஸ்டலில் விட்ட பிள்ளையைப் பார்க்க வந்த தகப்பன் தோற்றான்.

"நல்லா சாப்புடுதா?"

"தெரியலண்ணா."

"என்ன போடுறீங்க?"

"முட்டை கலந்த தீனிண்ணா."

அவருக்கு மனசு ஆறவில்லை. "முட்டையா? எனக்கே வீட்டுல வாரத்துக்கு ஒன்னுதான் தங்கச்சி" என்றார். அடுத்த வாரம் வந்து, அந்தப் பச்சை நிறத்தைத் தன்னால் கலக்க முடியும் என்று சொன்னார். அதற்கடுத்த வாரம் கலந்தே கொண்டுவந்துவிட்டார், ஒரு தகரத் துண்டில் அடித்து. குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பச்சை. அந்தத் தகரம் இப்போதும் என் மேஜையில் பேப்பர் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

சிரித்துக்கொண்டேதான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் ஆறாவது வாரம் அவர் ஜன்னலில் குனிந்தபோது காது மடலைப் பார்த்தேன். முன்பு ஓரம் மட்டும்தான் கொறித்த மாதிரி இருந்தது. இப்போது கீழ்ப்பகுதியே குறைந்திருந்தது. அன்று மதியம் டாக்டரம்மாவிடம் போய், "பேசாம மாத்திரைய ஆரம்பிச்சுடலாமே" என்று கேட்டேன். அவருக்கும் அதே தவிப்புதான். "ஆறு மாசத்து மாத்திரை அக்கா. ஈரல் தாங்கணும். நோய் இதுதான்னா, மிச்சமிருக்குற காதாவது தப்பிக்கும். இது இல்லாம வேற ஏதோன்னா, ஆறு மாசம் தப்பான மருந்தக் குடுத்துட்டு, சரியான நோய வளர விட்டிருப்பேன். ஒரு பிடி, ஒரே ஒரு பிடி கெடைச்சாப் போதும்" என்றார். எனக்கு அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

எட்டாவது வாரம் முடிந்த அன்று குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். பச்சை, வெறும் பச்சை. ஒன்றும் வளரவில்லை என்று அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவைத் தேடினேன். ஆஸ்பத்திரி பின்முற்றத்தில் நின்றிருந்தார். மதிய வெயில். எதிரே வெள்ளை நிறத்தில், மாவில் செய்த மாதிரி ஒரு கார். முதல் கார் வாங்கப்போகிறார், பழைய கார்தான். விற்கிறவர் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். பார்த்துச் சொல்ல வந்திருந்தவர் வேறு யார்? பட்டி அண்ணன்தான்.

டாக்டரம்மா அறிக்கையைப் படித்தார். மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். "ஒன்னும் வளரலண்ணா. மறுபடியும் கன்னத்துல இன்னொரு எடத்துல வெட்டிப் பாக்கணும். அதுலயும் கெடைக்கும்னு சொல்ல முடியாது" என்றார். எப்போதும் வாய் ஓயாத மனுஷன் அன்று "சரிங்க டாக்டரம்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். கை மட்டும் காது மடலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. பிறகு காரின் பக்கம் நடந்தார்.

கதவைத் தட்டினார். நல்ல சத்தம். காந்தத்தை வைத்தார். கவ்வியது. நாலு கதவிலும் கவ்வியது. ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்து, முன்னாலிருந்து பின்னால்வரை கோணல் பார்த்தார். நெளிவு இல்லை. எழுந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"நல்ல வண்டிதானே?" என்றார் டாக்டரம்மா ஆசையாக.

"கோளாறு கெடைக்கலன்னுதான் அர்த்தம். நல்லதுன்னு எங்க சொன்னேன்?" என்றார் அண்ணன். "கதவு மூடுற சத்தம் எனக்குப் பிடிக்கல. இது அடி வாங்குன வண்டி. ஆனா கெட்டிக்காரன் செஞ்சிருக்கான், பட்டிய எழையா பூசியிருக்கான். காந்தத்தையே ஏமாத்துறான்."

இன்னொரு சுற்று தட்டினார். வேர்த்துவிட்டது. கடைசியில் டிக்கியைத் திறந்தார். உள்ளே விரித்திருந்த பாயை உருவி எறிந்தார். ஸ்டெப்னி டயரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, "இங்க வந்து பாருங்க டாக்டரம்மா" என்றார்.

டயர் உட்கார்ந்திருந்த குழியின் அடித்தகடு முழுக்கக் கசங்கியிருந்தது. மடிப்பு மடிப்பாகத் துரு. பின்பக்கம் எதுவோ பலமாக மோதியிருக்கிறது. வெளியே மாவு பொம்மை, உள்ளே கசக்கிப் போட்ட காகிதம்.

"வெளிய எல்லாரும் பாக்குற எடம். அங்க எவனாவது வேல பாத்து வெச்சிருப்பான், அதப் போட்டுத் தட்டிக்கிட்டே இருந்தா காலம் பூரா தட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார் பட்டி அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே. "யாரு கண்ணுலயும் படாத எடம்னு ஒன்னு இருக்கும் பாருங்க. அதுக்கு எவனும் பட்டி வெக்கமாட்டான், பெயிண்டும் அடிக்கமாட்டான். நேரா அங்க போயிப் பாத்துட்டீங்கன்னா…"

பாதியில் நிறுத்திவிட்டார். வாய் மூடவில்லை. குழியைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, வேற எங்கயாவது இருக்கான்னு நீங்க அன்னைக்குக் கேட்டீங்கல்ல?"

"மூணு தடவை கேட்டேன்ணா. மூணு தடவையும் இல்லைன்னீங்க."

"இல்லைன்னுதான் சொன்னேன்" என்றார் அண்ணன். "அது எங்க வீட்டம்மாவுக்கே தெரியாதுங்க. பேண்ட்டுக்குள்ள இருக்குறத யாரு பாக்கப் போறான்னு அதுல நான் ஒரு வேலையும் பாக்கல. ட்யூபும் போடல, பவுடரும் போடல. அது பாட்டுக்குக் கெடக்கு."

டாக்டரம்மா கோட்டுப் பைக்குள் கையை விட்டுக் கண்ணாடித் துண்டைத் தேடினார்.

பட்டி அண்ணன் இடது காலைத் தூக்கிப் பின் பம்பரின் மேல் வைத்தார். பேண்ட்டின் ஓரத்தை மடித்தார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. முழங்கால் தெரிந்தது. அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு, கன்னத்தில் இருப்பதன் அண்ணன்காரன் மாதிரி, ஓரமெல்லாம் செம்பழுப்பாகத் தடித்து ஒரு படலம். மேலே பட்டறைத் தூசி அப்பியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியோடு மண்டியிட்டு உட்கார்ந்தார். தூசியைத் துடைத்துவிட அண்ணனின் வலது கை சட்டென்று காலுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. அந்தக் கையை இடது கையால் பிடித்து, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலை வெயில் விழுகிற பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.